பிளக்-இன் ஹைபிரிட் கார் உண்மையில் காசை மிச்சப்படுத்துமா?

பிளக்கில் சார்ஜ் செய்து மின்சாரத்திலும், அது தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடுவது பிளக்-இன் ஹைபிரிட். அமெரிக்காவில் அந்த வகைக் காரான டொயோட்டா ப்ரியஸ் பிரைம் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. பதில் மின்கட்டணத்தைப் பொறுத்தது.

2023 எஸ்இ மாடலுக்கு அரசு சோதனைக் கணக்குப்படி 100 மைல் மின்சாரத்தில் ஓட சுமார் 26 யூனிட் வேண்டும். சார்ஜிங் இழப்பும் இதில் அடக்கம். பெட்ரோலில் ஓடினால் கேலனுக்கு 52 மைல், அதாவது அதே 100 மைலுக்கு 1.92 கேலன். ஆக, ஒரு கேலன் பெட்ரோல் 13.5 யூனிட்டுக்குச் சமம் (26 ÷ 1.92); ஒரு கேலன் விலையை 13.5-ஆல் வகுங்கள். கேலன் 4 டாலர் என்றால் 30 சென்ட் வருகிறது. உங்கள் யூனிட் விலை அதற்குக் கீழே இருந்தால்தான் லாபம். கலிஃபோர்னியாவில் பல வீடுகளில் பகல் கட்டணமே இதைத் தாண்டிவிடும். அங்கே இரவுக் கட்டணத் திட்டம் இல்லாமல் பிளக்கைத் தொடுவது வீண். பெட்ரோலையே சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் கார் என்பதால்தான் இந்தச் சிக்கல்.

பேட்டரி 13.6 யூனிட், மின்சாரத்தில் 44 மைல் வரை ஓடும். 240 வோல்ட்டில் 4 மணி நேரம், சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 11 மணி நேரம் பிடிக்கும். தளர்ந்த பழைய சாக்கெட்டில் இரவெல்லாம் 12 ஆம்பியர் ஓடினால் சூடாகி உருகலாம். புது சாக்கெட்டும் தனி லைனும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் அதிகம் ஓடாவிட்டாலும் ஓடிய தூரத்தைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆகவேண்டும். குளிரில் சிறு சிறு ஓட்டங்களாக ஓடும் எஞ்சினில் ஆயில் சரியாகச் சூடாகாமல் ஈரமும் பெட்ரோலும் அதில் தங்கிவிடும்.

வீட்டில் சார்ஜ் செய்ய இடமில்லையா? பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட் ப்ரியஸே போதும்.