ஆட்சியாளரின் தன்னடக்கம் பற்றி பைபிள் என்ன சொல்கிறது? அது அவரவர் தனிப்பட்ட பக்தி சார்ந்த விஷயம்தானே?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தனிப்பட்ட விஷயம் இல்லை. சாதாரண மனிதன் தன்னை அடக்கிக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் அவனும் அவன் வீடும் கெடும். ராஜா அடக்கிக்கொள்ளாவிட்டால் எங்கோ இருக்கும் ஓர் ஏழையின் வழக்கு தலைகீழாகும். பைபிள் இதைப் பேசும் இடங்களில் அந்த ஏழையை மறப்பதே இல்லை.

நீதிமொழிகள் 31 என்றதும் பலருக்கும் குணசாலியான ஸ்திரீதான் ஞாபகம் வரும். அதற்கு முன்னால் இருக்கும் ஒன்பது வசனங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவனுடைய தாய் சொன்ன புத்திமதி அது. மது ராஜாக்களுக்குத் தகாது என்கிறாள். உடம்பு கெடும், பேர் கெடும் என்றெல்லாம் காரணம் சொல்லவில்லை. குடித்தால் சட்டத்தை மறந்துபோவாய், சிறுமைப்பட்டவனின் நியாயத்தைப் புரட்டிவிடுவாய் என்கிறாள். மகன் நிதானம் இழந்தால் அது யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாய் பேச முடியாதவனுக்காக உன் வாயைத் திற என்பதும் அதே புத்திமதியில் வருவதுதான்.

அறிவுரையோடு நின்றுவிடாமல் சட்டமாகவே எழுதிவைத்த இடம் உபாகமம் 17. ராஜா குதிரைகளை மிகுதியாகச் சேர்க்கக் கூடாது, அதற்காக ஜனங்களை எகிப்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. மனைவிகளைப் பெருக்கக் கூடாது. வெள்ளியும் பொன்னும் மிகுதியாகக் குவிக்கக் கூடாது. அப்புறம், நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது கடவுள் தந்த சட்டத்துக்கு, ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும். எதற்காக? தன் சகோதரர்கள்மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளாதபடிக்கு. குடிமக்களை அங்கே சகோதரர்கள் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். ராஜா அவர்களில் ஒருவன், அவ்வளவுதான்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10, 11 அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். சாலொமோன் ராஜாவுக்கு 1,400 ரதங்கள், எகிப்திலிருந்து வாங்கிய குதிரைகள், ஒரே வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து (தாலந்து என்பது ஒரு பெரிய எடை அளவு), மனைவிகள் 700 பேர், மறுமனையாட்டிகள் 300 பேர். மூன்று வரம்பையும் மீறியாகிவிட்டது. “பட்டணத்தைப் பிடிக்கிறவனைப்பார்க்கிலும் தன் மனதை அடக்குகிறவன் உத்தமன்” என்ற வசனம் இருப்பதும் அவர் பெயர் தாங்கிய நீதிமொழிகளில்தான் (16:32). அடக்கத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கே அந்த அறிவு போதவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

அப்படியானால் எதுதான் போதும்? என் மனதுக்குப் பட்ட பதில் 1 சாமுவேல் 25இல் இருக்கிறது. நாபால் என்ற பணக்காரன், 3,000 செம்மறியாடுகளும் 1,000 வெள்ளாடுகளும் உடையவன், மயிர் கத்தரிக்கும் விருந்து நடத்துகிறான். வனாந்தரத்தில் அவனுடைய மேய்ப்பர்களுக்கு இரவும் பகலும் மதில்போல் நின்று காவல் காத்தவர்கள், பிற்காலத்தில் ராஜாவான தாவீதின் ஆட்கள். சாப்பிட ஏதாவது தரும்படி கேட்டு ஆளனுப்பினால், தாவீது என்பவன் யார் என்று கேட்டு அவமானப்படுத்தி அனுப்பிவிடுகிறான். தாவீது 400 பேருக்கு வாள் கட்டச் சொல்கிறார். பொழுது விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளைகூட மிஞ்சமாட்டான் என்று சபதமும் செய்துவிடுகிறார். அவமானப்படுத்தியது ஒருவன், சாகப்போவது அவன் வீட்டு வேலைக்காரர்கள் உட்பட அத்தனை பேரும்.

நாபாலின் மனைவி அபிகாயில் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், 200 அப்பம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த பயறு, திராட்சை வற்றல், அத்திப்பழ அடைகள் எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்து, தரையில் விழுந்து பேசுகிறாள். கர்த்தர் உங்களை இஸ்ரவேலுக்கு அதிபதியாக்கும் நாளில், காரணமில்லாமல் இரத்தம் சிந்தினோமே என்ற மனஉறுத்தல் உங்களுக்கு இருக்கக் கூடாது என்கிறாள். எவ்வளவு தெளிவான பேச்சு! இன்றைய கோபத்தை நாளைய சிங்காசனத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறாள். தாவீது நின்றுவிடுகிறார். 400 பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்டு, வாய்விட்டுச் செய்த சபதத்தை விட்டுவிடுகிறார். அவளுடைய யோசனையை வாழ்த்தவும் செய்கிறார்.

இதற்கு நேர்மாறாக, மாற்கு 6இல் கலிலேயாவை ஆண்ட ஏரோதைப் பாருங்கள். நடனமாடிய பெண்ணுக்கு எதைக் கேட்டாலும் தருவதாக ஆணையிட்டான். அவள் யோவான்ஸ்நானன் என்ற தீர்க்கதரிசியின் தலையைக் கேட்டதும் அவனுக்கே துக்கம்தான். ஆனால் ஆணையிட்டாகிவிட்டது, பந்தியில் விருந்தாளிகள் இருக்கிறார்கள். தலை போய்விட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது நல்ல குணம்தான், ஆனால் அநியாயமான சொல்லை விட்டுவிடுவதற்கு அதைவிடப் பெரிய மனபலம் வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அதே தாவீது ராஜாவான பிறகு தன் படைவீரன் உரியாவின் மனைவி விஷயத்தில் விழுந்தபோது, வழியில் ஓர் அபிகாயில் இல்லை. உரியாவைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். படைத்தலைவன் யோவாப் மறுபேச்சில்லாமல் செய்துமுடித்தான். அரண்மனையில் எல்லாரும் தலையாட்டினால் ராஜாவின் நல்ல குணம் எவ்வளவு சீக்கிரம் சரியும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் தேவையில்லை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் அவர் உணர்ந்தார். நாத்தானைத் தண்டிக்காமல், பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு முன் ராஜாவாக இருந்த சவுலுக்கும் அவருக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான்.

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவின் கதை தெரிந்ததுதான். பாரத்தைக் குறைக்கச் சொல்லி ஜனங்கள் கேட்டார்கள், இறங்கிப்போகச் சொல்லிப் பெரியவர்கள் சொன்னார்கள், அவனோ கூட வளர்ந்த வாலிபர்கள் பேச்சைக் கேட்டு, தேள்களால் தண்டிப்பேன் என்றான். ராஜ்யம் இரண்டாக உடைந்தது.

தன்னடக்கம் என்றால் கோபமே வராமல் இருப்பது என்று நினைக்கிறவர்கள் நெகேமியா 5ஐப் படிக்க வேண்டும். பஞ்சத்திலும் வரியிலும் நொந்த யூதர்கள் நிலத்தை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கூக்குரலைக் கேட்டு மிகவும் கோபம் கொண்டதாக, அங்கே அதிபதியாக இருந்த நெகேமியாவே எழுதுகிறார். அடுத்த வசனத்தில், தன் மனதிலே ஆலோசனை பண்ணியதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் பிரபுக்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். கோபத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை மறைக்காமல் சொல்லி, வட்டியை எல்லாருமாக விட்டுவிடலாம் என்கிறார்.

முன்பிருந்த அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளிப் பணமும் வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரர்கள்கூட ஜனங்களை அதிகாரம் பண்ணினார்கள். நெகேமியாவின் பந்தியில் 150 பேர் சாப்பிட்டார்கள், தினமும் ஒரு காளையும் ஆறு நல்ல ஆடுகளும் சமைத்தார்கள். இருந்தும் 12 வருஷம் அதிபதிக்குரிய படியை அவர் வாங்கவே இல்லை. அதை வாங்க அவருக்கு உரிமை இருந்தது. ஜனங்கள் ஏற்கெனவே பட்டுக்கொண்டிருந்த பாடு கடினமாக இருந்ததால் கேட்கவில்லை என்று காரணத்தையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.