வெளிநாட்டுக் கொள்வனவாளர் வருகிறார்கள்: காவலுக்குத் துப்பாக்கி வேண்டுமா?

கேள்வி: நிலாவெளி வீதியில் கடலுணவு பதப்படுத்தும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். அடுத்த மாதம் ஐரோப்பாவிலிருந்து மூன்று கொள்வனவாளர்கள் ஐந்து நாள் தங்க வருகிறார்கள். அவர்களுடைய தலைமையகம் ஒரு படிவம் அனுப்பி, "விருந்தினரின் முழுமையான பாதுகாப்பை உறுதிப்படுத்துகிறோம்" என்ற வரியின் கீழ் கையொப்பம் கேட்கிறது. கந்தளாயில் கமம் செய்யும் என் மாமாவிடம் அனுமதிப்பத்திரத்துடன் 12 போர் (bore) துப்பாக்கி இருக்கிறது. அவரைக் கூடவே அனுப்பலாமா? பாதுகாப்பு முகவர் நிலையம் ஒன்றையும் விசாரித்தேன். "உயிரிழப்புக்கோ காயத்துக்கோ நிறுவனம் பொறுப்பல்ல" என்று அவர்களின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது செல்லுமா? ஏதும் நடந்தால் நான் மாட்டுவேனா?
– வாசகர், திருகோணமலை

பதில்: துப்பாக்கிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம்.

உங்கள் மாமாவின் அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். கமக்காரர்களுக்குப் பெரும்பாலும் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே அது வழங்கப்படுகிறது. சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்ற இந்த அனுமதி, அந்த ஆளுக்கும் அந்தக் காரணத்துக்கும் உரியது. வருடந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. யானைக்கும் பன்றிக்கும் வாங்கிய துப்பாக்கியை வான் வண்டியின் முன்னிருக்கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டாரைக் காவல் காத்தால், முதலாவது சோதனைச் சாவடியிலேயே விளக்கம் சொல்ல வேண்டி வரும். அவர் போகவில்லையென்று வேறொருவர் அதைத் தூக்கிக்கொண்டு போனால் அது தனிக் குற்றம். தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளையே 2024ஆம் ஆண்டின் இறுதியில் மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்திருந்தது. இந்தக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்கு அது போதும். கொள்வனவாளர்கள் தங்கள் நாட்டிலிருந்து மெய்க்காவலரைக் கூட்டி வந்தாலும், அமைச்சின் முன் அனுமதியில்லாமல் ஆயுதத்தை விமான நிலையத்துக்கு வெளியே கொண்டுவர முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு: தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரைக் கடமை நேரத்துக்கு வெளியே காசு கொடுத்து அழைப்பது. அவருக்கு அது ஒழுக்காற்று விசாரணையில் போய் முடியலாம். அரச ஊழியருக்குக் கையில் காசு கொடுத்த உங்களையும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, ஊழல் எதிர்ப்புச் சட்டம் விட்டுவைக்காமல் போகலாம். பொலிஸ் உதவி உண்மையிலேயே தேவையென்றால், பொறுப்பதிகாரிக்கு வருகைத் திகதி, தங்குமிடம், வாகன இலக்கம் எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முகவர் நிலையம். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி இந்தத் தொழிலை நடத்த முடியாது. "எங்களிடம் இருக்கிறது" என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், பிரதியைக் கேளுங்கள். அதிலுள்ள நிறுவனப் பெயரும் உங்களுக்கு வந்த விலைமனுவின் தலைப்பிலுள்ள பெயரும் ஒரே எழுத்தாக இருக்கிறதா? காலாவதித் திகதி வருகைக்கு முன்பே வருகிறதா? அதிகம் பிழை நடப்பது இங்கேதான். அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெயரில் விலை வரும், ஆனால் ஆள் வருவது அனுமதியில்லாத உள்ளூர்த் துணை ஒப்பந்தக்காரரிடமிருந்து. ஆகவே "எமது சொந்த ஊழியரையே அனுப்புவோம், மறு ஒப்பந்தம் கொடுக்கமாட்டோம்" என்ற வரியையும், வரப்போகும் ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பொலிஸ் நற்சான்றிதழ் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். விலை நம்பமுடியாத அளவு குறைவென்றால் சம்பளச் சபை விதித்த சம்பளமோ, தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 வீத சேமலாப நிதியோ, 3 வீத நம்பிக்கைப் பொறுப்பு நிதியோ அங்கே போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரவு வேலை முடித்து நேரே உங்களிடம் வரும் காவலர் வானுக்குள் தூங்குவார்.

காவலருக்கு எவ்வளவு அதிகாரம்? உங்களுக்கும் எனக்கும் உள்ள அளவு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, தன் கண் முன்னே பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் நடந்தால் தனியாளும் பிடிக்கலாம் என்கிறது. உடனே பொலிஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். ஹோட்டல் பையனின் பையைக் கிண்டுவதும், மீனவரின் தொலைபேசியைப் பறித்துப் படத்தை அழிப்பதும், சந்தேகப்பட்டவரை அறைக்குள் பூட்டி வைப்பதும் அதில் அடங்காது. அப்படிச் செய்தால் சட்டவிரோதத் தடுத்துவைப்பு, தாக்குதல் என்று முறைப்பாடு வருவது காவலர் மேல்தான். கூடவே "யார் சொல்லிச் செய்தாய்" என்ற கேள்வியும் வரும்.

பொறுப்பல்ல என்ற வாசகத்துக்கு வருகிறேன். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இதைத் தெளிவாகவே அடைக்கிறது: தன் கவனயீனத்தால் விளைந்த உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் உள்ள பொறுப்பை ஒரு நிறுவனம் ஒப்பந்த வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது. பொருள் இழப்பைப் பற்றிய வாசகம் மட்டும், நியாயமானதென்று காட்ட முடிந்தால் நிற்கும். அதோடு கொள்வனவாளர்கள் அந்த ஒப்பந்தத்தின் தரப்பினரே அல்ல. அவர்கள் தீங்கியல் சட்டத்தின் கீழ், அதாவது பிறர் பிழையால் நேர்ந்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் சட்டத்தின் கீழ், நேரே வழக்குப் போடலாம். எனவே அந்த வரியைக் கண்டு பயப்படாமல், வெட்டச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால், அவர்களிடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதி (தங்கள் வேலையால் வெளியாருக்கு நேரும் தீங்குக்கான காப்புறுதி) இல்லையென்று ஊகிக்கலாம். அந்தக் காப்புறுதிச் சான்றிதழையும் அதிலுள்ள தொகையையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் மாட்டுவீர்களா? யாரை அமர்த்தினீர்கள் என்பதில் இருக்கிறது. அனுமதி பெற்ற சுயாதீன ஒப்பந்தக்காரரைக் கவனமாகத் தெரிந்தெடுத்திருந்தால், அவருடைய ஆளின் பிழைக்குச் சாதாரணமாக நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. மாமாவை அனுப்பினால் அவர் உங்கள் கட்டளையில் வேலை செய்பவர். அவர் பிழை உங்கள் பிழை.

ஆனால் உங்களை உண்மையில் கட்டிப்போடுவது அந்தப் படிவம். "முழுமையான பாதுகாப்பை உறுதிப்படுத்துகிறோம்" என்று கையொப்பமிட்டால், யார் பக்கம் கவனயீனம் என்ற கேள்விக்கே இடமில்லாமல், உறுதிமொழி மீறப்பட்டது என்ற ஒரே காரணத்தில் நட்டஈடு கேட்கலாம். இத்தகைய படிவங்கள் பெரும்பாலும் பயண இடர் முகாமை பற்றிய ஐஎஸ்ஓ 31030 என்ற 2021ஆம் ஆண்டு வழிகாட்டியைத் தழுவியவை. அது வழிகாட்டிதான், சட்டமல்ல. அதிலும் ஊழியரைக் காக்கும் கடமை அனுப்புகிற நிறுவனத்துக்கே உரியது. வரியை இப்படி மாற்றி அனுப்புங்கள்: "இணைப்பில் உள்ள போக்குவரத்து, தங்குமிட, அவசர ஏற்பாடுகளை நியாயமான கவனத்துடன் செய்து தருவோம், பயண, மருத்துவக் காப்புறுதி அனுப்பும் நிறுவனத்தைச் சேரும்." பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இணைப்பில் என்ன எழுதுவது? நீங்கள் கேட்காத வீதியைப் பற்றித்தான். திருகோணமலைக்கு வரும் ஒருவர் கடத்தப்படுவதைவிட, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இரவில் யானையிலோ லொறியிலோ மோதுவதற்கே வாய்ப்பு அதிகம். விமானம் இரவு பத்து மணிக்கு இறங்கினால், "விடியப் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று சாரதி சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். நீர்கொழும்பில் படுத்து, காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் மதியத்துக்குள் வந்துவிடலாம். திரும்பும்போதும் பொழுதுபடுமுன் ஹபரணையைத் தாண்டும்படி நேரம் வையுங்கள். வானின் வருமான அனுமதிப்பத்திரத்தோடு காப்புறுதிச் சான்றிதழையும் படமெடுத்து வாங்குங்கள். அதில் "தனிப்பட்ட பாவனை" என்றிருக்கும் வான் வாடகைக்கு ஓடி விபத்துப்பட்டால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். பின்னிருக்கைகளில் ஆசனப்பட்டி வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பல வான்களில் அது இருக்கை உறைக்குள் புதைந்து கிடக்கும். நிலாவெளியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் ஆசை வந்தால், அவர்களுடைய நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது.

கமராவும் இந்த ஊரில் பிரச்சினைதான். கடற்படைத் தளம், சீனன்குடா விமானப்படைத் தளம், பிரட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் இராணுவ முகாம் எல்லாம் நகரத்தோடு ஒட்டியே இருக்கின்றன. கோணேஸ்வரத்துக்குப் போகிறவர் முகாமைக் கடந்துதான் போக வேண்டும். தடைசெய்யப்பட்ட இடத்தைப் படமெடுப்பது 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோகபூர்வ இரகசியங்கள் சட்டத்துக்குள் வரும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியின்றி ட்ரோன் பறக்கக் கூடாது. வோக்கி டோக்கிக்கும் செய்மதித் தொலைபேசிக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

பொலிஸ் யாரையாவது பிடித்தால், சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கணக்கு வேறு. 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா சமவாயத்தின் 36ஆம் உறுப்புரைப்படி தன் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி அவர் கேட்கலாம்; கேட்டால்தான் அறிவிப்பார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கு 2012ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், மொழிபெயர்த்து வாசித்துக் கேட்காமல் கையொப்பமிட வேண்டாம்.

விபத்தென்றால் 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ், உல்லாசப் பிரயாணிகளுக்கு 1912. பாரதூரமான காயத்துக்குக் கண்டி, கொழும்பு வரை மாற்ற வேண்டி வரலாம். அவர்களுடைய காப்புறுதியில் அந்தச் செலவு அடங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், வாகனப் படங்கள், சாரதியின் பயண நேரக் குறிப்பு, முகவர் நிலைய ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். தீங்கியல் வழக்குக்கு இரண்டு வருடமும், எழுத்து ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருடமும் காலவரையறை. அந்த ஆறு வருடம் முடியும்வரை கோப்பை எறியாதீர்கள்.