நிவாரணப் பட்டியலில் விடுபடுவது யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி புயல், முகாம், நிவாரணம் பற்றித்தான் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர் கரைகளில் வருடக்கணக்கில் அலைந்தவன் என்பதால் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய துணி சேர்த்து வைத்திருக்கிறோம். எந்த ஊருக்கு அனுப்பலாம்? (வாசகி, தாம்பரம்)

எந்த ஊருக்கும் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. எடுக்க ஆளில்லாமல் நனைந்து நாறியது. மீன் விற்ற காசில் தனக்குப் பிடித்த சேலை எடுத்து உடுத்தியவரிடம் சாயம் போன சுடிதாரை நீட்டினோம். "நாங்க என்ன பிச்சையா கேட்டோம்?" என்று ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. புது லுங்கி, புது நைட்டி, உள்ளாடை வாங்கி அனுப்புங்கள். நாப்கின் வாங்கும் முன், அங்குள்ள பெண்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா, துணிதான் வழக்கமா என்று போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பள்ளிக்கூட முகாமில் ஒரு பிரிவினர் தங்களுக்குத் தனியாகச் சமைக்க வேண்டும் என்கிறார்கள். அவரவர் வழக்கத்தை மதிக்கச் சொல்லித்தானே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்? (தன்னார்வலர், கடலூர் மாவட்டம்)

எதற்காகத் தனியாக என்று முதலில் கேளுங்கள். "நாங்க கறி தொட மாட்டோம்", "ஹலால் வேணும்", "நோன்பு, விடியறதுக்குள்ள சாப்பிடணும்" என்றால் மறுபேச்சில்லாமல் ஏற்பாடு செய்யுங்கள். "அவங்க கை பட்ட அண்டாவுல நாங்க சாப்பிட மாட்டோம்" என்றால் அதற்குப் பெயர் தீண்டாமை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்த விஷயம் அது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஒரே அடுப்பு, ஒரே வரிசை. அதில் மட்டும் சமாதானம் பேசாதீர்கள்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்கலாம். 2004இல் சில முகாம்களிலிருந்து தலித் குடும்பங்கள் வெளியே அனுப்பப்பட்டன. சில இடங்களில் குடிதண்ணீர்த் தொட்டியிலேயே தகராறு. மனித உரிமை அமைப்புகள் அப்போதே இதையெல்லாம் பதிவு செய்தன.

அதிகாரிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்பதால் அப்படி நடக்கவில்லை. நிவாரணம் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியாகப் போனது. அவற்றைக் குறை சொல்வதும் சுலபமில்லை. எத்தனை குடும்பம், யார் இறந்தார், யார் காணோம் என்று ஒரு மணி நேரத்தில் கணக்குக் கொடுக்க அவர்களால்தான் முடிந்தது. ஆனால் அது தலைக்கட்டு வரிக் கணக்கு, அதாவது ஊருக்கு வரி கட்டும் ஆண்களை வைத்துப் போடும் கணக்கு. வரி கட்டும் ஆண் இல்லாத வீட்டுக் கைம்பெண் பல ஊர்களில் அதற்குள் வரமாட்டார். உப்பளத்துக்கும் வயலுக்கும் கூலிக்குப் போகிறவர் அடுத்த தெருவில் இருந்தாலும் வரமாட்டார்.

பிச்சாவரம் பக்கத்து இருளர்களைப் பாருங்கள். கழிமுகத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். மீன்பிடித் தொழிலுக்கான சுனாமி இழப்பீடு படகுக்கும் வலைக்கும்தான். "படகே இல்லாதவன் எப்படி மீனவன்?" என்று ஓர் அலுவலர் என்னிடமே கேட்டார். பறியை எந்த விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது?

அதனால் ஊர்ப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பள்ளி வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். கடைசித் தெரு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை நடந்தும் வாருங்கள்.

எங்கள் பகுதியில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறையப் பேர். தமிழில் ஒலிபெருக்கி வைத்தால் போதுமா? (ஊராட்சி உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்)

போதாது. தமிழருக்கே "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று புரிவதில்லை. ஜப்பானில் 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது அங்கிருந்த வியட்நாமியருக்கும் கொரியருக்கும் எந்தப் பள்ளியில் தண்ணீர் கிடைக்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. பிறகு ஒரு கத்தோலிக்கத் தேவாலய வளாகத்திலிருந்து பல மொழிகளில் சமூக வானொலி தொடங்கினார்கள். ஆபத்துக் காலத்துக்கென்றே "எளிய ஜப்பானியம்" என்று ஒன்றை உருவாக்கினார்கள். "மேட்டுப் பகுதியில் தஞ்சமடைக" என்பதை "உயரமான இடத்துக்கு ஓடுங்கள்" என்று மாற்றுவதுதான் அது.

நீங்களும் அப்படியே செய்யலாம். தொழிலாளர்களிலேயே ஒருவரைப் பேச வைத்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். மேஸ்திரியை மட்டும் நம்ப வேண்டாம். வேலை நின்றால் அவருக்கும் நஷ்டம்.

உடல்களை உடனே மொத்தமாகப் புதைக்காவிட்டால் கொள்ளைநோய் வரும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

இல்லை. இயற்கைப் பேரிடரில் அடிபட்டோ மூழ்கியோ இறந்தவர் உடலால் கொள்ளைநோய் வருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. எபோலா, காலரா போன்றவற்றால் இறந்தவர்கள் விஷயம் வேறு. சுனாமியின்போது அந்தப் பயத்தில்தான் அவசர அவசரமாகக் குழி தோண்டினோம். எந்தக் குழியில் தன் பிள்ளை என்று தெரியாத தாய்மார்கள் எத்தனையோ பேர்.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு புத்துமலையில் அடையாளம் தெரியாத உடல்களைத் தனித்தனிக் குழிகளில் அடக்கம் செய்தார்கள். மரபணு மாதிரி எடுத்து, ஒவ்வொரு குழிக்கும் எண் இட்டு, எல்லா மத முறைப்படியும் பிரார்த்தனை செய்த பிறகே மண் போட்டார்கள். மேலே எண் எழுதிய கல்.

இதற்கு நேர் எதிர், கொரோனா காலத்து இலங்கை. புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், அங்கே 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையும் அதில் தப்பவில்லை. 2021 பிப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதுவும் ஓட்டமாவடி என்ற ஓர் ஊருக்கே பெரும்பாலும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2024இல்.

நாகர்கோவில் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2017 ஒக்கி புயலில் உடலே கிடைக்காதவர்களின் கணக்கை உங்கள் கரையில் பங்குத் தேவாலயங்கள் வைத்திருந்தன. அரசு எண்ணும் அந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட ஊர்களில் முதல் நாளே பங்குத்தந்தையோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது.

கட்டிக் கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும்? (கட்டடப் பொறியாளர், திருவாரூர்)

குடியிருக்கப்போகும் பெண்களைக் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள். சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் ஒப்பந்ததாரர் வசதிக்காகத் தென்னையையும் பூவரசையும் வெட்டி மேடு பள்ளத்தை நிரவினார்கள். காங்கிரீட் பெட்டி வரிசை வந்தது. நிழல் போனது. கருவாடு காயப்போட இடமில்லை, திண்ணை இல்லை. மதியம் உள்ளே இருக்க முடியாமல் வாசலில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். போய்ப் பாருங்கள், சில இடங்களில் இன்றும் இருக்கும்.

எங்கள் அப்பத்தா புயலுக்குக்கூட வீட்டை விட்டு வர மறுக்கிறார். மூடநம்பிக்கையை எப்படிப் போக்குவது? (கல்லூரி மாணவர், வேதாரண்யம்)

மூடநம்பிக்கை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பெரியவர்கள் சொல்லி வந்தது உயிர் காத்த கதையும் உண்டு. இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 1907இல் வந்த பேரலையை "ஸ்மோங்" என்று பெயரிட்டு, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதுதான் அதன் சேதி. 2004இல் சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் அலைக்குப் பலியானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் அப்பத்தாவிடம் ஆடு எத்தனை இருக்கிறது? நான் பார்த்த வரையில் வர மறுத்த பாட்டிகளில் பாதிப் பேருக்கு ஆடுதான் காரணம். சாமியைச் சொல்வார்கள், ஏனென்றால் ஆட்டைச் சொன்னால் அதிகாரி சிரிப்பார். முகாமுக்குப் பக்கத்தில் ஆடு கட்ட ஓர் இடம் கேட்டு வாங்கிவிட்டு, அப்புறம் கூப்பிட்டுப் பாருங்கள்.