‘எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ என்று மட்டும் கேட்கும் தோழர்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். திருநெல்வேலியை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதி வருகிறேன். போலீஸ் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, சென்னையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கே திரும்பி வந்துவிட்ட சங்கரலிங்கம்தான் துப்பறிபவர். அவருடைய நண்பர் சுடலைமுத்து சேரன்மகாதேவியில் பத்திர எழுத்தர். ஒரு கிழவியின் வயலை ஆள்மாறாட்டம் செய்து எழுதி வாங்குகிறார்கள்; அதைத் தொடர்ந்து படித்துறையில் ஒரு கொலை. ஐந்து அத்தியாயம் படித்த நண்பர்கள், “சுடலைமுத்து தலையாட்டி பொம்மை மாதிரி இருக்காரு. ‘எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?’ன்னு கேக்கறதத் தவிர அவருக்கு வேலையே இல்லை” என்கிறார்கள். அவரை எப்படிச் சரிசெய்வது? கதையை அவரே சொல்லலாமா? அவர்களுடைய நட்பை வசனத்தில் எழுதினால் சினிமாத்தனமாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: நீங்கள் அனுப்பிய ஐந்து அத்தியாயங்களையும் படித்தேன். உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் சுடலைமுத்துவை இன்னும் கொஞ்சம் புத்திசாலியாக்கினால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அவர் புத்தி குறைந்தவர் என்பதல்ல குறை. இந்த ஐந்து அத்தியாயங்களில் அவர் எதையும் இழக்கவில்லை, அதுதான் குறை. சங்கரலிங்கம் போன் செய்கிறார், சுடலைமுத்து பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். இரண்டாம் அத்தியாயம் நடப்பது வளர்பிறை முகூர்த்த நாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்க இடம் இருக்காது. ஒரு பத்திர எழுத்தர் அந்த நாளில் கடையைப் பூட்டிவிட்டு நாள் முழுக்கச் சுற்றுகிறார் என்றால் அவருடைய கட்சிக்காரர்கள் என்ன ஆனார்கள்? வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லையா?

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் முன்மாதிரியான ஷெர்லாக் ஹோம்ஸ் - வாட்சன் ஜோடியைப் பாருங்கள். வாட்சன் ஒரு அசடு என்ற எண்ணம் பெரும்பாலும் சினிமாவால் வந்தது. 1939 முதல் 1946 வரை வந்த படங்களில் நைஜல் புரூஸ் அவரைத் தடுமாறுகிற ஆளாக நடித்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கோனன் டாயில் எழுதிய வாட்சன், 1880-இல் ஆப்கானிஸ்தானில் மைவாந்த் போரில் குண்டடி பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர். உடம்பு சரியில்லை, கையில் காசு குறைவு, வாடகையைப் பாதியாகப் பகிர ஒரு ஆள் வேண்டும். அப்படித்தான் ஹோம்ஸோடு ஒரே வீட்டுக்குக் குடிவருகிறார். பழைய நட்பு, உயிர் நட்பு எதுவும் கிடையாது. உங்கள் கதையில் இருவரும் “பள்ளிக்கூடத்திலிருந்தே உயிர்த்தோழர்கள்” என்று முதல் பக்கத்திலேயே அறிவித்துவிட்டீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். சங்கரலிங்கம் தன் தகப்பனார் வீட்டுக்கு வில்லங்கம் பார்க்க சுடலைமுத்துவிடம் வந்தார், அப்படிப் பழக்கம் என்று தொடங்கினால் போதும். நட்பு வளர்வதைப் பார்க்கத்தான் வாசகர் வருகிறார்.

அப்புறம், பல கதைகளில் வாட்சன் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். நோயாளிகளைப் பக்கத்து டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும், மனைவியிடம் சொல்ல வேண்டும். 1903-இல் வந்த ஒரு கதையின் தொடக்கத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி வரும். ஹோம்ஸோடு மறுபடி தங்குவதற்காக வாட்சன் தன் மருத்துவமனையை விற்கிறார். வெர்னர் என்கிற இளம் டாக்டர் ஒருவர், கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். சில வருஷம் கழித்துத்தான் வாட்சனுக்குத் தெரிகிறது: வெர்னர் ஹோம்ஸுக்குத் தூரத்து உறவு, பணம் கொடுத்ததே ஹோம்ஸ்தான். இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடுகிற விஷயம். “நீ இல்லாமல் எனக்கு ஓடாது” என்று ஹோம்ஸ் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இதில் கால்வாசி கனம்கூட வந்திருக்காது. வசனத்தில் சினிமாத்தனம் வருகிறது என்றீர்களே, அதற்கு மருந்து இங்கே இருக்கிறது. பாசத்தை வசனத்தில் வைக்காமல் கொடுக்கல் வாங்கலில் வையுங்கள். நம் ஊர் ஆட்களும் அப்படித்தானே? அறுபது வயசு நெல்லைக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் “நீர்தான் என் உயிர்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. மருந்துக்கடை பில்லைச் சொல்லாமல் கட்டிவிட்டுப் போவார்.

வாட்சனுக்கென்று ஒரு பிடிவாதமும் உண்டு. மிரட்டிப் பணம் பறிக்கிற ஒருவன் வீட்டுக்குள் ஹோம்ஸ் திருட்டுத்தனமாக நுழையத் திட்டமிடுகிற கதை ஒன்று 1904-இல் வந்தது. “நீ வர வேண்டாம்” என்கிறார் ஹோம்ஸ். என்னைக் கூட்டிப் போகாவிட்டால் நேரே போலீஸுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்கிறார் வாட்சன். விசுவாசமான தோழர் என்றால் சொன்னதைக் கேட்கிறவர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். வாட்சனின் விசுவாசம் சொன்னதைக் கேட்காத விசுவாசம். சுடலைமுத்து ஒரு தடவையாவது “மாட்டேன்” என்று சொல்லட்டும்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். ஹோம்ஸுக்குக் கிடைத்தது 40 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்கிற லண்டன். உங்கள் ஆளுக்கு அந்த வசதி இல்லை. டவுன் ரத வீதியில் காலையில் ஒருவரை விசாரித்தால், சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் வாசலில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சங்கரலிங்கத்துக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, பென்ஷன் வந்துவிடும். சுடலைமுத்துவுக்கு அப்படியா? இன்னார் மகளுக்கு எழுதி வைத்தார், இன்னார் தம்பியை விட்டுவிட்டார் என்பதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காதவர் என்பதால்தான் ஜனங்கள் அவரிடம் வருகிறார்கள். அவர் ஒரு துப்பறிபவரோடு சுற்றுகிறார் என்று தெரிந்த மறுநாளே பாதிக் கட்சிக்காரர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். நாவலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். கையில் இவ்வளவு நல்ல தொழிலை வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த ஆள்மாறாட்டப் பத்திரத்தை எழுதியது யார்? ஏதோ ஒரு எழுத்தர் என்று விட்டிருக்கிறீர்கள். அது சுடலைமுத்துவாகவே இருந்தால் என்ன? வந்த கிழவி உண்மையான ஆள்தான் என்று நம்பி, தெரியாமல்தான் எழுதினார். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் தயாரித்தவர் என்று அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றன. பதிவேட்டில் இடது பெருவிரல் ரேகை இருக்கிறது. ரேகை படிக்கத் தெரிந்தவர் சங்கரலிங்கம், அந்த ரேகை விழுந்த காகிதத்துக்குப் பொறுப்பானவர் சுடலைமுத்து. இவர்கள் இருவரையும் ஒரே கதையில் வைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. துப்பு துலங்கினால் உரிமம் போகலாம், வழக்கில் பெயர் வரலாம். அது தெரிந்தும் அவர் பைக்கை எடுத்தால் அதற்கு மேல் நட்பைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுத வேண்டாம்.

அறிவு யாரிடம் இருக்கிறது என்பதையும் பங்கு போடுங்கள். உங்கள் கதையில் எல்லாம் சங்கரலிங்கத்துக்கே தெரிகிறது. முப்பது வருஷம் சென்னையில் இருந்தவருக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்? ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். சந்தேகப்படுகிற ஆள் ஒருவர், “கார்த்திகை மாசம் கடைசி வாரம் நான் அறுப்புல நின்னுட்டிருந்தேன்” என்று சொல்கிறார். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் முதல் போக நெல்லான கார் சாகுபடி அதற்கு முன்பே அறுத்து முடிந்திருக்கும். அடுத்த போகமான பிசானம் அப்போதுதான் பச்சையாக நிற்கும், அறுக்க மாசி, பங்குனி ஆகும். சுடலைமுத்துவுக்கு இது மூச்சு விடுவது மாதிரி தெரிந்த விஷயம், அதனாலேயே அது சாட்சியம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. “குடிச்சிட்டு உளறுதாரு, கார்த்திகையில எவன் அறுக்கான்” என்று சிரித்துவிட்டுப் போகிறார். சங்கரலிங்கம் நின்றுவிடுகிறார். ஊரைத் தெரிந்தவர் ஒருவர், ஊர் சொல்வதைப் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவர். இப்படி எழுதினால் “எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்ற கேள்விக்கே இடம் இருக்காது, ஏனென்றால் பாதி கண்டுபிடிப்பு கேட்கிறவருடையது.

சரி, கதையை யார் சொல்வது? சுடலைமுத்துவே சொல்லட்டும். 1841-இல் எட்கர் ஆலன் போ தன் முதல் துப்பறியும் கதையை எழுதியபோதே, பெயர்கூட இல்லாத ஒரு நண்பரைத்தான் சொல்ல வைத்தார். துப்பறிபவரே சொன்னால் அவர் மனசில் ஓடுவதை வாசகரிடம் மறைக்க வேண்டியிருக்கும், அது மோசடி மாதிரி ஆகிவிடும். 1926-இல் டாயில் இரண்டு கதைகளை ஹோம்ஸ் வாயால் சொல்ல வைத்துப் பார்த்தார். ஒன்றில் ஹோம்ஸே, கதையை வாசகருக்குப் பிடிக்கிற மாதிரி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது என்று புலம்புகிறார். இரண்டுமே அவருடைய நல்ல கதைகளில் சேராது என்பது என் கருத்து.

ஆனால் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், பத்து விதிகள் வகுத்தார். தோழர் தன் மனசில் தோன்றுவது எதையும் வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. தோழரின் புத்தி வாசகருடையதைவிட ஒரு துளி குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பாதியை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். முதல் பாதியை விடாதீர்கள். அந்தப் பத்திரத்தை எழுதியது தான்தான் என்பதை சுடலைமுத்து இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு எழுதிய நாலு பத்திரங்களில் ஒன்றாக, சாதாரணமாக. அவர் நடையும் அவர் தொழிலிலிருந்தே வரட்டும். வாழ்நாளெல்லாம் பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லை எழுதியவர் பிணம் கிடந்த இடத்தைக்கூட “மண்டபத்துக்கு மேற்கு, அரசமரத்துக்குக் கிழக்கு” என்றுதான் சொல்வார்.

அடுத்தது ஒளிவுமறைவு. துப்பறிபவர் நண்பரிடம் சிலதை மறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கதை மூன்றாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும். ஆனால் மறைத்தால் நண்பருக்கு வலிக்க வேண்டும். 1913-இல் வந்த கதையில் ஹோம்ஸ் சாகக் கிடப்பது போல நடிக்கிறார், வாட்சனைப் பக்கத்திலேயே விடுவதில்லை. உன் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று மனசு நோகச் சொல்லிவிடுகிறார். கடைசியில் உண்மை வெளிவருகிறது: கிட்ட வந்தால் நாடியும் சூடும் பார்த்து, இது நடிப்பு என்று வாட்சன் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய வைத்தியத்தை மதித்ததால்தான் தள்ளி வைத்தார். உங்கள் கதையில் சங்கரலிங்கம் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் நண்பர் பெயரைப் பார்த்துவிட்டு, பத்து நாள் ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும். அது வெளிவருகிற இடம் இப்படிப் போகலாம்:

“ஏன் வே எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா உம்ம மொகமே காட்டிக் குடுத்துரும்.”

“அப்ப என்னையும் சந்தேகப்பட்டீரு.”

“மொத ரெண்டு நாளு பட்டேன். பெறவு விசாரிச்சேன்.”

“யார்ட்ட?”

“உம்ம வீட்டம்மாட்ட.”

இங்கே ஒரு வாரம் பேச்சு நிற்கட்டும். உங்கள் பிரதியில் சுடலைமுத்து கடைசிவரை ‘சார்’ என்றே கூப்பிடுகிறார். ‘சார்’ என்று கூப்பிடுகிறவரிடம் சண்டை போட முடியாது. தொடக்கத்தில் ‘சார்’ இருக்கலாம், பிறகு ‘அண்ணாச்சி’, பழகிய பிறகு ‘வே’யும் ‘நீரு’ம். அந்த மாற்றத்தை எங்கேயும் விளக்காதீர்கள், திருநெல்வேலி வாசகருக்குத் தானாகப் புரியும். வெளியூர்க்காரருக்கும் இரண்டு பக்கத்தில் காது பழகிவிடும்.

தோழருக்கு இப்படிச் சொந்த வாழ்க்கை இல்லையென்றால் எழுதுகிறவருக்கே அவர் சுமையாகிவிடுவார். அகதா கிறிஸ்டி, தன் துப்பறிபவர் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸுக்குக் கல்யாணம் செய்து அர்ஜென்டினாவுக்கே அனுப்பிவிட்டார். அவ்வப்போது வந்து போனவர், 1937-க்குப் பிறகு 1975-இல் வெளிவந்த கடைசி நாவலில்தான் மறுபடி தலைகாட்டுகிறார். தமிழில் சுஜாதாவின் வசந்த்துக்கு இந்தக் கதி வரவில்லை. வக்கீல் கணேஷை ‘பாஸ்’ என்று கூப்பிட்டுக்கொண்டே கிண்டலடிக்கிற அந்த ஜூனியருக்காகவே படித்தவர்கள் ஏராளம். தேவனின் சாம்பு கதை வேறு, அங்கே துப்பறிபவரே அசடு. அதை இதோடு சேர்க்க முடியாது.

பாசம் வெளிப்படையாக வருகிற இடம் நாவல் முழுக்க ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஹோம்ஸை வைத்து 56 சிறுகதை, 4 நாவல் எழுதினார் டாயில். வாட்சன் குண்டடி பட்டு விழ, ஹோம்ஸ் பதறிப்போய் “அடிபடலையே, சொல்லு” என்று கெஞ்சுகிற காட்சி வந்தது 1924-இல், இருவரும் முதல் நாவலில் வாசகருக்கு அறிமுகமாகி 37 வருஷம் கழித்து. காயம் லேசானதுதான் என்று தெரிந்ததும் ஹோம்ஸ் சுட்டவனைப் பார்த்து, “இவரைக் கொன்றிருந்தால் இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய்” என்கிறார். உங்கள் ஐந்து அத்தியாயத்தில் சங்கரலிங்கம் மூன்று இடத்தில் கண்கலங்குகிறார். மூன்றையும் வெட்டுங்கள்.

திருத்தும்போது முதலில் இரண்டாம் அத்தியாயத்தைத் தொடுங்கள்: முகூர்த்த நாள், கடையில் கூட்டம், போன் அடிக்கிறது, சுடலைமுத்து எடுக்கவில்லை. கொலையாளியை மாற்ற வேண்டியதில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் சங்கரலிங்கம் மூன்று பக்கம் கைரேகை வகைகளை விளக்குகிறாரே, அதை அரைப் பக்கமாகக் குறைத்து, மிச்ச இடத்தைப் பேச்சு நின்றுபோன அந்த வாரத்துக்குக் கொடுங்கள்.