பட்டறையில் விட்ட காருக்குச் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு?

ஏர்கான் பழுதுக்காகச் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் காரை விட்டதாகவும், இரண்டு நாள் கழித்து எடுக்கச் சென்றபோது பின்பக்க பம்பரில் விரிசல் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பட்டறை முதலாளி "அது வரும்போதே இருந்தது" என்கிறார். சுவரில் மாட்டியிருக்கும் "வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பிலேயே விடப்படுகின்றன" என்ற பலகையைக் காட்டுகிறார். பில்லைக் கட்டினால்தான் சாவி என்கிறார். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் ஏறத்தாழ இதே சிக்கலில் மாட்டி, சிறு தொகைக்கான வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் வரை போய் வந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கார் நல்ல நிலையில் உள்ளே போனது என்பதை உங்களால் காட்ட முடிந்தால் பொறுப்பு பட்டறையுடையது. அந்த முதல் பாதியில்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள். பலகையாலும் அல்ல, சட்டத்தாலும் அல்ல.

ஒருவரிடம் ஒரு பொருளை ஒரு காரியத்துக்காகக் கொடுத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவது என்பது சட்டத்தின் கண்ணில் ஒப்படைப்பு. சலவைக்குப் போட்ட பட்டுப்புடவையும், பொற்கொல்லரிடம் கொடுத்த சங்கிலியும், பட்டறையில் விட்ட காரும் இந்த வகையில் ஒன்றுதான். கூலி வாங்கிக்கொண்டு பொருளை ஏற்றுக்கொண்டவர் அதை நியாயமான கவனத்தோடு பாதுகாக்கக் கடமைப்பட்டவர். இதில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பொதுவாக ஒருவர்மீது கவனக்குறைவு என்று குற்றம் சாட்டினால், சாட்டுகிறவரே அதை நிரூபிக்க வேண்டும். ஒப்படைப்பில் அந்தச் சுமை மறுபக்கம் சாய்கிறது. கொடுத்தபோது முழுதாக இருந்த பொருள் திரும்பி வரும்போது பழுதாக இருந்தால், தம் பக்கம் கவனக்குறைவு இல்லை என்பதைப் பொருளை வைத்திருந்தவரே காட்ட வேண்டும். அந்த இரண்டு நாள் உங்கள் கார் எங்கே நின்றது, யார் அதை நகர்த்தினார், எந்தத் தூணில் இடித்தார் என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே இருந்தவர்களுக்குத்தானே தெரியும் என்பதே இதன் அடிப்படை.

"நாங்கள் செய்யவில்லை, பெயிண்ட் வேலைக்கு வேறு கடைக்கு அனுப்பியிருந்தோம்" என்பதும் "அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்" என்பதும் நாம் அடிக்கடி கேட்கும் பதில்கள். அதற்குப் பழைய வழக்கு ஒன்று பதில் சொல்கிறது. 1960களில் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி தம் விலையுயர்ந்த மென்மயிர்த்தோல் மேலாடையைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். வாங்கியவர், அவருடைய சம்மதத்தோடு, அதை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த நிறுவனத்தில் அதைச் சுத்தம் செய்யும் வேலை ஒப்படைக்கப்பட்டிருந்த ஊழியரே அதைத் திருடிவிட்டார். பெண்மணிக்கும் அந்த நிறுவனத்துக்கும் நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோதும், நிறுவனமே பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியர் திருடியதற்கே முதலாளி பதில் சொல்ல வேண்டும் என்றால், ஊழியர் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்ததற்குச் சொல்ல வேண்டாமா?

எல்லாச் சேதமும் இந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வயதுக் காரில் வெயிலில் காய்ந்து நொறுங்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று கழற்றும்போது உடைவதும், துருவேறிய போல்ட் ஒன்று முறிவதும் எந்தக் கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் நடப்பவை. அவை கவனக்குறைவு ஆகா. ஏர்கான் பார்க்கக் கொடுத்த காரில் அடுத்த மாதம் கியர்பாக்ஸ் போய்விட்டால், அதைப் பட்டறையின் தலையில் கட்டுவதற்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பை நீங்கள்தான் காட்ட வேண்டும். பம்பர் விரிசல் அப்படிப்பட்டதல்ல. ஏர்கான் வேலைக்கும் பின்பக்க பம்பருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்து அந்தப் பலகை. நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் 1977இல் பிரிட்டனில் இயற்றப்பட்டு, 1993ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் வழியாகச் சிங்கப்பூரிலும் நடைமுறையில் இருக்கிறது. தம் கவனக்குறைவால் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று ஒரு வணிகர் எழுதி வைத்தால், அது நியாயமானதாக இருந்தால் மட்டுமே செல்லும். நியாயமானது என்று காட்டும் கடமையும் அவருடையதே. உயிர்ச்சேதத்துக்கும் உடற்காயத்துக்கும் அப்படி எழுதி வைக்கவே முடியாது. அதோடு, அந்த விதி உங்கள் கவனத்துக்கு எப்போது வந்தது என்பதும் முக்கியம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, பில்லின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் முதல்முறையாகப் பார்க்கும் விதி, ஏற்கெனவே முடிந்துபோன ஒப்பந்தத்துக்குள் நுழைய முடியாது. ஆகவே பலகையைப் பார்த்ததும் மனம் தளர வேண்டாம். அது பெரும்பாலும் கேட்க வருகிறவரைத் திருப்பி அனுப்பத்தான் மாட்டப்படுகிறது என்பது என் எண்ணம்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் முன்சக்கரப் பக்கம் புஷ் எனப்படும் ரப்பர் பாகத்தை மாற்றக் காரைக் கொடுத்தேன். மறுநாள் மாலை நல்ல மழை. காரை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் நிறுத்தி, கீழே விழுந்த குடையை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. இடப்பக்கக் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டு விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு மேல்நோக்கி மடங்கியிருந்தது. காரைத் தூக்கும்போது லிஃப்டின் கையை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு காரிலும் வலுவூட்டப்பட்ட இடங்கள் உண்டு. அதைவிட்டு அரைச் சாண் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். மடிந்த இடத்தில் கறுப்பு ரப்பர் தடம், அதைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்து, தகடு வெள்ளி போல் மினுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் போய்க் கேட்டபோது முதலாளி அமைதியாகச் சொன்னார்: "டயர் மாற்றும் இடத்தில் யாராவது செய்திருப்பார்கள், எவ்வளவு நாளாக இருக்கிறதோ." என் கைப்பேசியில் இருந்த படங்களில் காரின் நான்கு பக்கமும் இருந்தன, அடிவிளிம்பு ஒன்றிலும் இல்லை. அங்கே குனிந்து யார் படம் எடுக்கிறார்கள்? எனக்குக் கைகொடுத்தது சிங்கப்பூரின் ஈரக்காற்று. பெயிண்ட் போன இரும்பு இந்த ஊரில் நாள்கணக்கில் மினுக்காது. முதல் நாள் இரவே ஒரு படம் எடுத்திருந்தேன். பிறகு தினமும் அதே இடத்தில் நின்று ஒன்று எடுத்தேன். நான்காம் நாள் மினுமினுப்பு மங்கி, மடிப்பின் ஓரமெல்லாம் பழுப்பு படர்ந்துவிட்டது. நான் காரை எடுத்துவந்த இரவு அந்தத் தகடு அவ்வளவு புதிதாக இருந்தது என்றால், அது மடங்கி நெடுநாள் ஆகியிருக்க வழியில்லை என்பதை அந்த வரிசைப் படங்கள் சொல்லிவிட்டன. வேறொரு பட்டறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கினேன்: 680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நடுவர் மன்றத்தில் விசாரணைக்கு முன் நடக்கும் கலந்துபேச்சிலேயே 550 வெள்ளிக்கு முதலாளி ஒப்புக்கொண்டார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு சிறு விலகல். நான் முதல்முறை கேட்கப் போனபோது, புஷ் மாற்றிய இளைஞர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, முதலாளி என் சம்பளத்தில் பிடித்துவிடுவார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்றார். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பின்னர் படித்தபோதுதான், ஊழியரால் ஏற்பட்ட சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதானால் முதலில் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும், பிடிக்கும் தொகையும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வேலை நியமனச் சட்டம் சொல்வது தெரிந்தது. அதை அவரிடம் சொன்னேன். நம் கோரிக்கை எப்போதும் பட்டறையின்மீதுதான் இருக்க வேண்டும். தொழிலாளியின் பெயரைக் கோரிக்கையில் இழுக்கத் தேவையே இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சான்று. காரை விட்ட நாளிலோ அதற்கு முந்தைய நாள்களிலோ எடுத்த எந்தப் படத்திலாவது பின்பக்கம் தெரிகிறதா என்று தேடுங்கள். குடும்பப் படமானாலும் சரி, காருக்குப் பின்னால் நின்ற நண்பரின் கேமராப் பதிவானாலும் சரி. காரில் கேமரா இருந்தால், பட்டறையில் பேட்டரியைக் கழற்றும்வரை பதிவானது அட்டையில் இருக்கலாம். அது மேலெழுதப்படுவதற்குள் எடுத்து வையுங்கள். ஓட்டிப் பார்க்க வெளியே கொண்டுபோனார்களா என்பதை ஓடோமீட்டர் காட்டும், சில சமயம் ஈஆர்பி எனப்படும் மின்னியல் சாலைக் கட்டணம் கழிந்த நேரமும் காட்டும். உங்களிடமிருந்து சாவியை வாங்கும்போது பட்டறை எழுதிக்கொடுத்த வேலைச் சீட்டில் பம்பர் பற்றி ஒரு குறிப்பும் இல்லையென்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்: முன்பே இருந்த விரிசலைப் பார்த்திருந்தால் ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம்.

காப்புறுதி நிறுவனத்திடம் போகலாமா என்றால், சிறு சேதத்துக்கு நான் போகமாட்டேன். உங்கள் பாலிசியில் கோரினால் முதல் பங்குத் தொகையை நீங்களே கட்ட வேண்டும்; கோரிக்கை எதுவும் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடியான என்சிடி 50 விழுக்காட்டில் இருந்தால் ஒரே கோரிக்கையில் அது பொதுவாக 20க்கு இறங்கிவிடும். பட்டறையின் தவற்றுக்கு உங்கள் பிரீமியம் ஏறுவானேன்? ஆனால் மெக்கானிக் சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது விபத்து நேர்ந்தது என்றால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பிறகு கோருவதும் கோராததும் உங்கள் விருப்பம்.

முதலாளி எழுத்தில் பதில் தர மறுத்தால், பயனீட்டாளர் சங்கம் சமரசத்துக்கு உதவும். அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கே கோரலாம். பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளிக்கு மிகாத கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. இணையத்திலேயே தாக்கல் செய்துவிடலாம். இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. கோரிக்கையை எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். வாகன விபத்தால் ஏற்பட்ட சொத்துச் சேதத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கையை இந்த மன்றம் எடுத்துக்கொள்ளாது. எனவே "என் காரை இடித்தார்கள்" என்று தொடங்காமல், பழுதுபார்க்கும் சேவைக்காகக் காரை ஒப்படைத்தேன், உரிய கவனத்தோடு வைத்திருந்து திருப்பித் தரவில்லை என்று சேவை ஒப்பந்தத்தின் அடிப்படையில் எழுதுங்கள்.

கடைசியாக அந்தச் சாவி. கோபத்தில் "பம்பரைச் சரிசெய்தால்தான் பில் கட்டுவேன்" என்று நிற்காதீர்கள். செய்த வேலைக்கான கூலி வரும்வரை காரைத் தம்மிடமே வைத்துக்கொள்ளப் பழுதுபார்த்தவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கார் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் கார் வைத்திருக்க நீங்கள் வாங்கிய வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டுக் காலம் கரைந்துகொண்டுதான் இருக்கும். ஏர்கான் வேலைக்கான தொகையைக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் பட்டறைக்குள்ளேயே, அவர்களுடைய பெயர்ப்பலகை தெரியும்படி, பம்பரைப் படமெடுங்கள். "வாகனம் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற வரி சீட்டில் அச்சிடப்பட்டிருந்தால் அதை அடித்துவிட்டு, "பின்பக்க பம்பர் சேதம், இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியோடு கையெழுத்திட்டு, அதன் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு காரை எடுத்து வாருங்கள்.