நாம் தோண்டினால் நிலம் நடுங்குமா? கேள்வி பதில்

ஐயா, எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் பக்கம் எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பூமி அதிராதா? – ஓர் ஆசிரியை

அதிர்ந்த ஊர் உண்டு, டீச்சர். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1963 முதல் வாயு எடுத்தார்கள். பாறைத் துளைகளில் அழுத்தம் குறையக் குறைய, மேல்பாரத்தில் அடுக்கு அமுங்கியது. 2012-இல் 3.6 அளவில் ஒரு நடுக்கம். ஆழம் குறைவு என்பதால் செங்கல் வீடுகளில் விரிசல் விழுந்தது. 2023-இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அது ஐரோப்பாவிலேயே பெரிய வாயு வயல். நம் கிணறுகளை அதோடு சேர்த்துப் பேசுவது கொஞ்சம் அதிகம்.

எனக்கென்னவோ, எடுப்பதைவிட உள்ளே இறக்குவதுதான் கவலை.

இறக்குவது என்றால்? – அதே ஆசிரியை

கழிவுநீரை ஆழ்கிணற்றில் அழுத்தி விடுவது. அமெரிக்காவின் டென்வர் அருகே ராணுவ ரசாயனக் கழிவை 1962-இல் மூன்றரை கிலோமீட்டருக்கும் கீழே செலுத்தத் தொடங்கினார்கள். நடுக்கங்கள் வரிசையாக வந்தன. 1966-இல் நிறுத்தியாயிற்று. ஆனால் பெரிய நடுக்கங்கள் வந்தது 1967-இல்! நிறுத்திய பிறகும் அழுத்தம் பாறைக்குள் பரவிக்கொண்டே போய், ஏற்கெனவே இறுகி நின்ற பிளவைத் தொட்டிருக்கிறது. பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். நீரழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளரும். நடுக்கத்துக்கான விசை பூமியுடையது, தட்டிவிடுவது மட்டும் நாம்.

அண்ணே, ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் நிரம்பினால்கூட ஆபத்தா?

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர்வாங்கிய பெரிய கண்மாய்தான், ஆனால் ஆழம் எவ்வளவு தம்பி? மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரம். அவ்வளவு ஆழமாகத் தேங்கும் நீரின் பாரமும் அழுத்தமும்தான் அடியிலுள்ள பிளவைத் தட்டிவிடும். 1967 டிசம்பரில் அங்கே 6.3 அளவில் நடுங்கி, ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். கண்மாய் நிரம்பினால் நெல் விளையும், அவ்வளவுதான்.

2004 சுனாமிக்குக் கடலுக்கடியில் வைத்த வெடிதான் காரணம் என்கிறார்களே? – தொண்டி மீனவர்

இல்லை. சுமத்ரா அருகே கடலடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமாகப் பூமியின் பாறைத்தட்டு பெயர்ந்தது, அளவு 9.1. எந்த வெடிக்கும் அந்தச் சக்தி கிடையாது. உங்கள் கரை நாகப்பட்டினம் அளவுக்கு அடிபடாததற்கு இலங்கை குறுக்கே நின்றதுதான் காரணம்.

சரி, எரிவாயுக் கிணறு பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் நாங்கள் என்ன கேட்கலாம்?

வாயுவோடு வரும் உப்புநீர் எங்கே போகிறது? ஆழத்தில் இறக்கினால் எந்த அழுத்தத்தில், பக்கத்தில் பிளவு இருக்கிறதா? அப்புறம், வேலை தொடங்கும் முன்பே நிலநடுக்கமானி வைப்பார்களா? முன்பே எடுத்த அதிர்வுப் பதிவு இல்லாவிட்டால், பின்னால் வரும் அதிர்வு யாரால் என்று நிரூபிப்பது மிகக் கடினம்.