வாசகர் கேள்விகள்: ஆப்பிரிக்காவில் உரிமைக் குரல்கள்

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளில் தனிமனித உரிமைக்காகவும் தொழில் செய்யும் சுதந்திரத்துக்காகவும் இயங்கும் அமைப்புகளால் எளிய மக்களுக்கு ஏதேனும் பயன் உண்டா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: நிச்சயமாக உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1975-இல் தொடங்கப்பட்ட 'ஃப்ரீ மார்க்கெட் ஃபவுண்டேஷன்' என்ற தடையற்ற சந்தையை ஆதரிக்கும் அமைப்பு நடத்தும் 'காயா லாம்' திட்டத்தையே முதலில் சொல்வேன். 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டமும் அதைத் தொடர்ந்த நிறவெறிச் சட்டங்களும் கறுப்பின மக்களை அந்நாட்டின் பெரும்பகுதியில் நிலம் வாங்க முடியாதவர்களாக்கின. நகர்ப்புறக் குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள்கூட அரசின் வாடகைதாரர்களாகவே இருந்தார்கள். 1994-இல் மக்களாட்சி மலர்ந்த பிறகும் அவர்களில் பலருக்குப் பட்டா வந்து சேரவில்லை. நன்கொடையாளர்களின் பணத்தில் பத்திரச் செலவை ஏற்று, உள்ளாட்சி நிர்வாகத்துடன் பேசி, அந்த வீடுகளை அங்கே வாழ்பவர்களின் பெயருக்கே மாற்றித் தருகிறது இந்தத் திட்டம். வீட்டைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும், விற்கவும், அடகு வைத்துச் சிறுதொழில் தொடங்கவும் ஒரு மூதாட்டிக்கு உரிமை கிடைப்பதைவிடப் பெரிய சீர்திருத்தம் எனக்குத் தெரியவில்லை.

கானாவில் 2004 முதல் இயங்கும் 'இமானி' என்ற கொள்கை ஆய்வு அமைப்பு அரசின் செலவுகளையும் ஒப்பந்தங்களையும் ஆராய்ந்து வெளிப்படையாகக் கேள்வி கேட்கிறது.

இவையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்று சிலர் குறை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. குடியேற்ற ஆட்சிக்கு முன்பே ஆப்பிரிக்கச் சமூகங்களில் சந்தையும் தொலைதூர வணிகமும் செழித்திருந்தன என்பதைக் கானா நாட்டுப் பொருளியலாளர் ஜார்ஜ் அயிட்டே வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி வந்தார்; மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் இன்றும் வணிகத்தின் பெரும்பகுதியை நடத்துபவர்கள் பெண்களே.